டாக்டர் மெரிடித் வான்ஸை எழுதியவள்

வாட்டர் ஹீட்டருக்குள் ஏன் கடமுடவென்று சத்தம் வருகிறது, சோபாவில் பூனை மூத்திரம் போனால் நாற்றத்தை எப்படிப் போக்குவது, நாய்க்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்கலாமா என்றெல்லாம் யாராவது இணையத்தில் தேடியிருந்தால், அவர்கள் ரைலி கோஸ்கெலா எழுதியதைப் படித்திருக்க வாய்ப்பு இருக்கிறது. படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அந்தக் கட்டுரைகள் எதிலும் அவள் பெயர் கிடையாது.

கனடாவில் தண்டர் பே என்ற ஏரிக்கரை ஊரில், ஒரு நாளிதழில் அவளும் நானும் நெடுங்காலம் ஒன்றாக வேலை பார்த்தோம். என் பெயர் லெஸ், நான் புகைப்படக்காரன். அவள் ஊர்ச் செய்தி எழுதுகிறவள். நகரசபைக் கூட்டம், துறைமுகத்தில் தானியக் கப்பல் காத்துக் கிடப்பது, ஹாக்கி அரங்கின் கூரை ஒழுகுவது, இவைதான் அவளுக்கு வாய்த்த விஷயங்கள். ஆனால் அவள் எழுதினால் ஒழுகுகிற கூரையைப் பற்றியும் கடைசி வரி வரை படிப்பார்கள். பத்திரிகையை வாங்கிய புது முதலாளிகள் செய்திப் பிரிவைத் தெற்கே கொண்டுபோனபோது எங்கள் இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு எப்படியும் ஓய்வு பெறுகிற வயது. அவளுக்கு ஐம்பத்து நாலு. அவள் கணவர் எப்போதோ அல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டார். பே தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு, அதன் அடித்தளத்தில் சவுனா என்கிற ஒரு நீராவிக் குளியலறை, குளிர் வந்தால் படுத்துகிற ஒரு முழங்கால். அவளிடம் மிஞ்சியது இவ்வளவுதான்.

எழுத்து வேலை ஊரில் வேறு எங்கும் இல்லை. அதனால் இணையத்தில் எழுத்துக்கு ஆள் பிடிக்கும் தளம் ஒன்றில் பதிந்துகொண்டாள். உலகத்தில் எங்கோ இருக்கிற ஒருவன் தலைப்பு கொடுப்பான். நூறு பேர் எனக்குக் கொடு என்று கை தூக்குவார்கள். குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறவருக்கு வேலை. முடித்ததும் அவன் நட்சத்திரம் போடுவான். அந்த நட்சத்திரம் குறைந்தால் அடுத்த வேலை வராது.

முதல் வருடம் அவள் என்னிடம் சொன்னதெல்லாம் அந்த நட்சத்திரக் கதைகள்தான். கல்லறைக் கல் விற்கிற ஒருவனுக்கு, குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அடக்கமாக எழுதிக் கொடுத்தாள். அவன் திருப்பி அனுப்பினான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் குஷியா எழுதுங்க. படிக்கிறவங்க சோர்ந்து போயிடக் கூடாது" என்று குறிப்பு. இவள் மறுத்தாள். அவன் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். இன்னொருவனுக்குப் பனிமீது துளைபோட்டு மீன் பிடிப்பதைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள். சிறுவயதில் அப்பாவோடு ஏரியில் உட்கார்ந்திருந்த அனுபவத்தையெல்லாம் போட்டு எழுதினாள். எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லி அவன் காணாமல் போனான். சில வாரம் கழித்து அதே கட்டுரைகள், ஒரு காற்புள்ளிகூட மாறாமல், ஃபுளோரிடாவில் இருக்கிற யாரோ ஒரு ஆணின் பெயரில் வெளிவந்தன.

"ஃபுளோரிடாவுல எங்க ஏரி உறையுது, லெஸ்?" என்று என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவனுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை.

ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்க்க வேண்டும். "சிறந்த வாட்டர் ஹீட்டர்" என்ற சொல் போதுமான தடவை வந்தால்தான் ஓரத்தில் இருக்கிற சிவப்பு விளக்கு பச்சையாகும். நல்ல வாக்கியம் ஒன்று அமைந்துவிட்டால் விளக்கு சிவப்பாகிவிடும் என்பாள். அதைச் சிதைத்தால் பச்சையாகும்.

இதையெல்லாம் வேலை என்று ஒப்புக்கொள்ளாத ஒருவர் இருந்தார். அவளுடைய அண்ணன் ஆர்வோ. துறைமுகத் தானியக் கிடங்கில் ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வு பெற்றவர். தூசி ஒட்டாத எந்த உழைப்பும் அவர் கணக்கில் உழைப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ரைலியின் வீட்டு சவுனாவில் குளித்துவிட்டு, மேலே வந்து மீன் சூப் குடிப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ஆர்வோ, அவர் மனைவி டோனா, பல நாள் நானும்.

"ரைலி, புதன்கிழமை எங்க வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸை ரிப்பேர் பண்ண ஆள் வர்றான். நீ கொஞ்சம் வந்து இரு. நானும் டோனாவும் டுலூத் போறோம்" என்பார்.

"எனக்கு வேலை இருக்கு ஆர்வோ."

"என்ன பெரிய வேலை. வீட்லதானே சும்மா இருக்கே. அந்தக் கம்ப்யூட்டரை அங்க தூக்கிட்டு வந்து தட்டு. எங்க வீட்லயும் நாற்காலி இருக்கு."

"பைஜாமாவோட வரலாமா?"

"நீ வேற துணி மாத்தினாத்தான் அதிசயம்."

டோனா அவர் காலை மேசைக்கடியில் உதைப்பாள். ரைலி புதன்கிழமை போய் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் வருடத்தில் நிலையான வேலை ஒன்று கிடைத்தது. முதியவர்களுக்கான உடல்நலத் தளம். வாரா வாரம் கட்டுரை வேண்டும், ஒழுங்காகச் சம்பளம் உண்டு. ஒரே நிபந்தனை: எல்லாம் டாக்டர் மெரிடித் வான்ஸ் என்ற பெயரில் வரும். வெள்ளி நிறத் தலைமுடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அளவான சிரிப்போடு ஒரு பெண்ணின் படத்தையும் போட்டிருந்தார்கள். தளத்தின் ஆசிரியை கெல்ஸி என்ற இளம்பெண். அவளை யாரும் நேரில் பார்த்ததில்லை, செய்திகள்தான் வரும். "அப்படி ஒரு டாக்டர் இருக்கிறாரா?" என்று ரைலி ஆரம்பத்திலேயே கேட்டாள். "மருத்துவக் குழு ஒன்று எல்லாவற்றையும் சரிபார்க்கும், அது ஒரு பொதுப்பெயர்" என்று பதில் வந்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ரைலி அந்த வேலையைப் பத்திரிகை வேலை மாதிரியே செய்தாள். மருத்துவமனைகள் வெளியிடும் கையேடுகளைப் படிப்பாள். புரியாத இடம் வந்தால் ஆல்கோமா தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிற கார்லா பெலூசோவுக்குப் போன் போடுவாள். கார்லா முதலில் எரிச்சல்பட்டாள், பிறகு பழகிக்கொண்டாள். பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று ரைலிக்குத் தெரியும். அதனால் டாக்டர் வான்ஸுக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்தாள். வேறு குடும்பம் எதுவும் தெரியாததால் தன் குடும்பத்தையே கொடுத்தாள். கூரையில் பனி தள்ளப்போய் விழுந்து, விலா எலும்பு முறிந்த நிலையில் உள்ளே வந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்ட ஊர்ஹோ சித்தப்பா, வேறு பெயரோடு வான்ஸின் சித்தப்பாவானார்.

வாசகர்கள் வான்ஸுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அதற்குப் பதில் போடுவதும் ரைலியின் வேலையாயிற்று. "உங்களை மாதிரி ஒரு டாக்டர் எங்க ஊர்ல இல்லையே" என்று எழுதுவார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"எனக்கு அந்தப் பொம்பளை மேல பொறாமையா இருக்கு லெஸ்."

"எந்தப் பொம்பளை?"

"வான்ஸ். நான் எழுதுனா எனக்கு ஒரு ஸ்டார். அவ எழுதுனா கடவுள் வாக்கு. அவளுக்கு முழங்கால்கூட வலிக்காது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வோ சவுனாவிலிருந்து சிவந்துபோய் மேலே வந்தார். சூப்புக்கு உட்காராமல் மேசையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் டோனா.

"சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் நடக்கணும். டாக்டர் வான்ஸ் சொல்றாங்க."

ரைலியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு அது?" என்று ரைலி கேட்டாள்.

"நீ படிச்சிருக்க மாட்டே. இன்டர்நெட்ல எழுதறாங்க. எவ்வளவு தெளிவா எழுதறாங்க தெரியுமா? நம்ம ஊர் டாக்டர் வாயைத் திறந்தா ஒரு எழவும் புரியாது. இந்தம்மா சொன்னா குழந்தைக்கும் புரியும். அவங்களுக்கு ஒரு சித்தப்பா, நம்ம ஊர்ஹோ சித்தப்பா மாதிரியே ஒரு கிறுக்கு." பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் இப்படி ஏதாவது உருப்படியா எழுதக் கத்துக்க ரைலி. பூனை மூத்திரத்தையே எத்தனை நாள் எழுதுவே?"

"முயற்சி பண்றேன்" என்றாள் ரைலி.

அவர்கள் போனபிறகு நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒப்பந்தம் இருப்பதால் சொல்லவில்லை என்று அவள் சொன்னாள். அது முழு உண்மை அல்ல என்று எனக்குத் தோன்றியது. அண்ணன் வாயால் வந்த அந்தப் பாராட்டு, யாருக்குப் போனாலும், நடுவில் அவள் வழியாகத்தான் போயிற்று. அதை அவள் கலைக்க விரும்பவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தளம் கைமாறியது. கெல்ஸி அதே பெயரோடு அதே மரியாதையோடு இருந்தாள், ஆனால் கட்டுரைகள் அனுப்பிய வடிவில் வெளிவரவில்லை. இங்கே ஒரு பத்தி போயிருக்கும், அங்கே ஒன்று முளைத்திருக்கும். ரைலி ஒரு முறை கேட்டாள். "அது கூட்டாளி நிறுவனத்தோட ஆட்கள் மெருகேத்தறது, நீங்க கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது. ரைலி அதற்குமேல் போகவில்லை. அனுப்பியது எப்படி வெளிவந்தது என்று போய்ப் பார்ப்பதையும் மெல்ல விட்டுவிட்டாள். இந்தத் தொழிலில் எழுதி அனுப்பியதைத் திரும்பிப் பார்த்தால் அடுத்ததை எழுத முடியாது என்பது அவள் கற்றுக்கொண்ட பாடம்.

பிப்ரவரி மாதம் ஆர்வோவின் பிறந்தநாளுக்குப் பெர்சியன் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் மேலே ரோஜா நிறச் சர்க்கரைப்பாகு பூசிய அந்த ரொட்டி இல்லாமல் இருக்காது. கதவைத் திறந்த ஆர்வோ மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் பெரிய கன்றல்.

"யாரோட சண்டை போட்டே?" என்றாள் ரைலி.

"கார்க் கதவு பட்டுச்சு. லேசாத்தான் பட்டுச்சு. வெள்ளிக்கிழமைல இருந்து மூக்குல ரத்தம் வருது, குளிர்காத்து காஞ்சு போயிருக்குல்ல, அதான்."

ஆர்வோவுக்கு இதயத்துடிப்பு சீராக இருக்காது. இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், மாதாமாதம் இரத்தப் பரிசோதனையும் உண்டு. ரைலி நேரே சமையலறைக்குப் போனாள். மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு புது புட்டி இருந்தது. மூலிகை மாத்திரை. ஜின்கோ இலை, இன்னும் என்னென்னவோ. புட்டியில் சின்னதாக வான்ஸின் முகம்.

"இது எப்ப வாங்கினே?"

"போன மாசம். ரத்த ஓட்டத்துக்கு நல்லது. டாக்டர் வான்ஸ் எழுதியிருந்தாங்க."

"எங்க எழுதியிருந்தாங்க? காட்டு."

அவர் கணினியைத் திறந்து காட்டினார். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைப் பற்றி ரைலி எழுதிய கட்டுரை. அவள் நடை, அவள் வாக்கியங்கள். கடைசியில், மருந்துக்கடைக்காரரைக் கேட்காமல் எந்த மூலிகையையும் தொடாதீர்கள் என்று அவள் எழுதியிருந்த பத்தி இல்லை. அந்த இடத்தில் அந்த மாத்திரையைச் சிபாரிசு செய்து நாலு வரி. அதுவும் அவள் நடையிலேயே எழுதப்பட்டிருந்தது.

"ஆர்வோ, இதை இப்பவே நிறுத்து. உன் மாத்திரையோட இதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ரத்தம் நிக்காது."

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்சே?"

"கோட்டைத் தேடு, போட்டுக்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஏய், சும்மா இரு. முப்பது வருஷமா வைத்தியம் பண்ற அம்மா சொல்றாங்க. நீ பூனை மூத்திரம் எழுதறவ. நான் யார் பேச்சைக் கேக்கணும்?"

"அந்த அம்மா நான்தான்" என்றாள் ரைலி.

ஆர்வோ சிரித்தார். சிரித்ததில் மூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் இரத்தம் வந்தது. டோனாவும் சிரிக்கப் பார்த்து, ரைலியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஊர்ஹோ சித்தப்பா மாதிரி ஒருத்தர்னு சொன்னியே. மாதிரி இல்ல ஆர்வோ. ஊர்ஹோ சித்தப்பாவேதான். கூரையில இருந்து விழுந்துட்டு அவர் குடிச்ச காப்பி அம்மாவோட நீலக் கோப்பையில இருந்துச்சுன்னு படிச்சியா? அந்த நீலக் கோப்பை உலகத்துல வேற யாருக்குத் தெரியும்?"

ஆர்வோ திரையைப் பார்த்தார், புட்டியில் இருந்த முகத்தைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல. ஏதோ ஒரு நல்ல சிநேகிதியின் சாவுச் செய்தி கேட்டவர் போல இருந்தார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"அப்ப என்னை முட்டாளாக்கினது நீதானா?"

"மாத்திரையைப் பத்தி நான் எழுதல."

"டாக்டர்னு எழுதினே இல்ல?"

"ஆமா" என்றாள்.

டோனாதான் வண்டியை ஓட்டினாள். ஆர்வோ முன்சீட்டில், ரைலி பின்சீட்டில். நான் வீட்டிலேயே இருந்து பெர்சியன்களை எடுத்து உள்ளே வைத்தேன். இரத்தம் உறைய எடுத்துக்கொள்கிற நேரம் இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மூக்கோடு நின்றிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் தேறிவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சவுனாவுக்கு வருவது நின்றுபோயிற்று.

ரைலி கெல்ஸிக்கு எழுதினாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அந்தப் பத்தியை உடனே எடுக்கவேண்டும் என்று கேட்டாள். கெல்ஸியின் பதில் இனிமையாக இருந்தது. உங்கள் அண்ணன் நலமடைய வாழ்த்துகிறோம், உங்கள் கருத்தை உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம். மறுநாள் ரைலியால் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் செல்லாது என்றது. அந்த மாத வேலைக்கு வரவேண்டியதும் அதோடு போயிற்று, அதைப் பற்றி அவள் ஒருமுறைக்கு மேல் பேசவில்லை. மருத்துவர்களைக் கண்காணிக்கிற அமைப்புக்குப் புகார் எழுதினாள். பதிவு பெற்ற டாக்டர் மீதுதான் நாங்கள் நடவடிக்கை எடுக்க முடியும், இப்படி ஒரு டாக்டரே இல்லையே என்று பதில் வந்தது. நிறுவனத்தின் முகவரி என்று இருந்தது வேறு நாட்டில் ஒரு அஞ்சல் பெட்டி.

அவளை அதிகம் அரித்தது கடிதம் எழுதிய வாசகர்கள். அந்த அஞ்சல்கள் தளத்துக்குள்ளேயே இருந்தன, இனிப் பார்க்க முடியாது. ஒரே ஒருத்தியின் தொலைபேசி எண் அவளிடம் இருந்தது. சஸ்காட்செவனில் ஸ்விஃப்ட் கரண்ட்டைச் சேர்ந்த ஓப்பல் ட்ரெகர் என்ற விதவை, தன் முழங்காலைப் பற்றி நீளமாக எழுதுகிறவள், ஒருதரம் "ஊர்ப்பக்கம் வந்தால் கூப்பிடுங்கள் டாக்டர்" என்று எண்ணைக் கொடுத்திருந்தாள். ரைலி அதைத் தன் தொலைபேசியில் ஏற்றி வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் கூப்பிட்டாள், ஒலிபெருக்கியைப் போட்டு. டாக்டர் வான்ஸின் கட்டுரைகள் விஷயமாக என்று ஆரம்பித்ததுமே அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் வான்ஸா! உங்க குரல் இவ்வளவு கரகரன்னு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லயே."

"நான் டாக்டர் இல்லீங்க. என் பேரு ரைலி. அந்தக் கட்டுரையெல்லாம் எழுதினது நான்தான். டாக்டர் வான்ஸ்னு யாருமே கிடையாது."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை யாரோ குறைத்தார்கள்.

"அப்ப என் முழங்காலுக்கு நீங்க சொன்ன பயிற்சி?"

"அது சரியானதுதான். ஆஸ்பத்திரிக் கையேட்டுல இருந்து எடுத்தது. நானும் அதைத்தான் செய்றேன். அந்த மாத்திரையை மட்டும் வாங்காதீங்க. வாங்கியிருந்தா தூக்கிப் போடுங்க."

"நான் மாத்திரையெல்லாம் வாங்கறதில்ல. என் பொண்ணு விடமாட்டா." பிறகு கேட்டாள்: "அப்ப இனிமே என் கடிதத்துக்குப் பதில் வராதா?"

"வராதுங்க. வந்தாலும் அது நான் இல்ல."

"இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள் ஓப்பல் ட்ரெகர். போனை வைத்துவிட்டாள்.

ரைலி வெகுநேரம் அந்தப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். "அவங்க சொன்னது சரிதானோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

டாக்டர் வான்ஸ் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒன்று வந்தது நாளுக்கு ஒன்றாயிற்று. படித்துப் பார்த்தால் ரைலியின் வாடை அடிக்கும், ஆனால் ஆள் இருக்க மாட்டாள். இல்லாத அத்தை, இல்லாத பேரன், யாரும் ஒருநாளும் விழாத ஒரு கூரை. பழைய கட்டுரைகளை, தானே எழுதுகிற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டுவிட்டார்கள் என்று அவள் ஊகித்தாள். அதை நிரூபிக்க வழி இல்லை.

வேறு வேலை தேடினாள். ஒரு நிறுவனம் மாதிரிக்கு ஒரு கட்டுரை கேட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். "உங்கள் கட்டுரையைச் சோதித்தோம். பெரும்பகுதி இயந்திரம் எழுதியது என்று காட்டுகிறது. நாங்கள் மனிதர்கள் எழுதியதை மட்டுமே ஏற்கிறோம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு நாள்தான் அவள் கோபப்பட்டு நான் பார்த்தது. கணினியை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் வலியோடு துறைமுகம்வரை நடந்துபோய்த் திரும்பினாள்.

"முப்பது வருஷம் எழுதுனா மெஷின் மாதிரி ஆயிடுவோமா லெஸ்?"

"மெஷின்தான் உன்னை மாதிரி ஆயிருக்கு."

"அதுக்கு யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கலயே."

கடைசியில் பாதி வழி காட்டியவள் கார்லா. ரைலி போன் போடாதது கண்டு அவளே கூப்பிட்டாள். மருந்து வாங்குகிறவர்களுக்குக் கையில் கொடுக்கிற தாள் யாருக்கும் புரியவில்லை, அதைப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வந்து கல்லாவிலும் நிற்கவேண்டும். ரைலி ஒப்புக்கொண்டாள். அந்தத் தாள்களிலும் அவள் பெயர் இல்லை, ஆனால் வேறு யார் பெயரும் இல்லை. மிச்ச நாட்களில் வழக்கம்போல இணையத்தில் எழுதினாள். வீட்டு ஜன்னல், காரின் டயர், நாய் உணவு. கல்லாவில் நிற்பதுதான் சுலபமாக இருக்கிறது என்றாள். அங்கே எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துத் திட்டுவார், அல்லது நன்றி சொல்வார்.

ஆர்வோ மருந்து வாங்க அங்கேதான் வரவேண்டும். முதல் மாதம் டோனாவை அனுப்பினார். இரண்டாவது மாதம் டோனாவுக்குக் காய்ச்சல். அவரே வந்து, வரிசையில் தனக்குப் பின்னால் இருந்த எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, கடைசியில் தங்கைக்கு எதிரே வந்து நின்றார்.

"மருந்து" என்றார்.

ரைலி எடுத்துக் கொடுத்தாள். தாளையும் உள்ளே வைத்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்."

"கார்லா பார்த்தாளா?"

"ஒவ்வொரு வரியும்."

அங்கேயே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். நல்லா இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை இதய டாக்டரைப் பார்க்கணும். புது ஆளு. வேகமா பேசறான். டோனாவுக்கும் ஒண்ணும் புரியல, எனக்கும் புரியல."

"அதுக்கு?"

"சும்மாதானே இருக்கே, வா."

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கடை இல்லை. வின்னிப்பெக்கில் இருக்கிற ஜன்னல் கம்பெனிக்கு அன்று மதியம் கட்டுரை கொடுத்தாக வேண்டும். இருந்தும் போனாள். இதய டாக்டர் நிறையப் பேசினார். ரைலி குறுக்கே இரண்டு கேள்வி கேட்டாள். வரும் வழியில், சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, அவர் சொன்னதை அண்ணனுக்கு எடுத்துச் சொன்னாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா அவன் அவ்வளவு நேரம் கத்தினான்?" என்றாராம் ஆர்வோ.

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, ஞாயிற்றுக்கிழமை சவுனாவுக்கு விறகு தான் கொண்டுவருவதாகச் சொன்னார். ரைலி சரி என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் ஜன்னல் கட்டுரைக்கு உட்கார்ந்தாள்.